கடலோரக் கிணற்றில் நல்ல தண்ணீரைக் காப்பது எப்படி? ராமநாதபுரம் மாவட்டத்துக்கு ஒரு முழு வழிகாட்டி

ராமநாதபுரம் மாவட்டத்துக் கடற்கரையில் தள்ளுவண்டியில் குடம் அடுக்கிப் போகாத தெருவைப் பார்ப்பது கஷ்டம். ஒரு பக்கம் பாக் நீரிணை, இன்னொரு பக்கம் மன்னார் வளைகுடா. வைகை இங்கே வந்து சேரும்போது பெரும்பாலான வருடங்களில் பெரிய கண்மாயோடு தீர்ந்துவிடும். ஆண்டு மழை சராசரியாக 827 மில்லிமீட்டர், அதில் பெரும்பகுதி ஐப்பசி, கார்த்திகையில் கொட்டித் தீர்த்துவிட்டுப் போய்விடும். மிச்ச மாதங்களுக்கு மண்ணுக்குள் என்ன இருக்கிறதோ அதுதான்.

திருச்சியிலிருந்து குழாயில் வரும் காவிரிக் கூட்டுக் குடிநீர் பெரிய உதவி, மறுப்பதற்கில்லை. ஆனால் குழாய் கடைசியாகப் போய்ச் சேருகிற ஊர்கள் கடற்கரை ஊர்கள். வழியில் எங்கே உடைப்பு, எங்கே மின்தடை என்றாலும் முதலில் காய்வது இவர்கள் குடம்தான். அதனால் உள்ளூர்க் கிணறும் ஊருணியும் இன்னும் உயிர்நாடி. வீட்டுக் கிணறு வைத்திருப்பவர், புதிதாக போர் போட நினைப்பவர், ஊராட்சியில் தண்ணீர் விஷயத்தைக் கவனிப்பவர் ஆகிய மூவருக்காகவும் இதை எழுதுகிறேன். தூத்துக்குடி, புதுக்கோட்டை, நாகப்பட்டினம் கடற்கரைக்கும் இதில் பெரும்பகுதி பொருந்தும்.

முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன், மற்றதெல்லாம் இதிலிருந்து வருவதுதான். உள்நாட்டில் தண்ணீர் இல்லையென்றால் ஆழமாகப் போகலாம். கடற்கரை மணலில் ஆழமாகப் போனால் உப்புதான் கிடைக்கும். இங்கே நல்ல தண்ணீரைத் தருவது கொஞ்சம் கொஞ்சமாக, மேலாக, பல இடத்தில் எடுப்பது.

படி 1: காலுக்குக் கீழே என்ன இருக்கிறது என்று புரிந்துகொள்ளுங்கள்

கடல் தண்ணீர் நல்ல தண்ணீரைவிடக் கனமானது. ஒரு லிட்டர் நல்ல தண்ணீர் 1,000 கிராம் என்றால், ஒரு லிட்டர் கடல் தண்ணீர் ஏறக்குறைய 1,025 கிராம். மணலுக்குள் இரண்டும் சந்திக்கும் இடத்தில் கனமானது கீழே போகும், மழையில் இறங்கிய நல்ல தண்ணீர் அதன்மேல் மிதக்கும். 19-ஆம் நூற்றாண்டின் இறுதியில் நெதர்லாந்தில் கைபன் என்பவரும், 1901-இல் ஜெர்மனியில் ஹெர்ஸ்பெர்க் என்பவரும் தனித்தனியாக இதற்குக் கணக்குப் போட்டார்கள். நிலத்தடி நீர்மட்டம் கடல் மட்டத்துக்கு மேலே ஒரு அடி நின்றால், கடல் மட்டத்துக்குக் கீழே ஏறக்குறைய 40 அடி வரை நல்ல தண்ணீர் இருக்கும்.

இந்தக் கணக்கைத் திருப்பிப் போட்டுப் பாருங்கள். மோட்டார் போட்டு நீர்மட்டத்தை நிரந்தரமாக ஒரு அடி இறக்கினால், அடியில் இருக்கும் உப்பு 40 அடி மேலே ஏற இடம் கிடைக்கிறது. நிஜத்தில் எல்லை கோடு போட்டதுபோல் இருக்காது. இரண்டும் கலந்த சவர்த் தண்ணீர் அடுக்கு ஒன்று நடுவில் இருக்கும். மண்ணில் களிமண் பட்டை இருந்தால் கணக்கும் மாறும். ஆனாலும் மேலே கொஞ்சம் எடுத்தால் கீழே நிறைய ஏறும் என்ற விகிதம் மனதில் நிற்க வேண்டும்.

இதை நேரில் பார்க்க வேண்டுமென்றால் தனுஷ்கோடிக்குப் போங்கள். 1964 டிசம்பர் புயலில் ஊர் அழிந்த பிறகும் அங்கே மீனவக் குடும்பங்கள் வாழ்ந்துகொண்டுதான் இருக்கின்றன. இரண்டு பக்கமும் கடல். நடுவில் மணலில் சில அடி தோண்டினால் ஊற்று. ஒரு பெண் குழிக்குள் குனிந்து சிரட்டையால் மேல் தண்ணீரை மட்டும் வழித்துக் குடத்தில் ஊற்றுவார். நாலைந்து சிரட்டையில் குழி வற்றும். மணலிலிருந்து தண்ணீர் மறுபடி கசிந்து சேரும்வரை காத்திருப்பார், பிறகு அடுத்த சிரட்டை. ஒரு குடம் நிறைய நேரமாகும். அந்தத் தண்ணீர் இனிப்பாக இருப்பதற்குக் காரணமே அந்தக் காத்திருப்புதான். அதே குழியில் மூன்று ஹெச்பி மோட்டாரைப் போட்டால் சீக்கிரத்திலேயே உப்பு கரிக்கும்.

தங்கச்சிமடம் வில்லூண்டித் தீர்த்தம் கடலுக்குள்ளேயே இருக்கும் நல்ல தண்ணீர்க் கிணறு. நிலத்தடியில் நல்ல தண்ணீர் கடலை நோக்கி நகர்ந்துகொண்டிருப்பதற்கு அதைவிட நல்ல சாட்சி வேண்டாம். அந்த நகர்வு இருக்கும்வரை கடல் உள்ளே வராது.

நகர்வு நின்றால் என்ன ஆகும் என்பதற்கும் தமிழ்நாட்டிலேயே பாடம் இருக்கிறது. திருவள்ளூர் மாவட்டம் மீஞ்சூர்ப் பக்கம் நகரத் தேவைக்கும் தொழிற்சாலைக்கும் விவசாயத்துக்குமாக நிலத்தடி நீரை உறிஞ்சியதில், 1969-இல் கடற்கரையிலிருந்து 3 கிலோமீட்டர் தூரத்தில் இருந்த உப்பு 1983-இல் 9 கிலோமீட்டர் தூரத்தை எட்டியது. உள்ளே வந்த உப்பை வெளியே தள்ள ஒரு மழைக்காலம் போதாது, பல தலைமுறை ஆகலாம்.

படி 2: உங்கள் ஊர் மண் எந்த வகை என்று பிரித்துக்கொள்ளுங்கள்

ஒரே ஊராட்சிக்குள்ளேயே மூன்று விதமான இடம் இருக்கும். மணல் மேடு, அதாவது கடலோர மணல் திட்டும் தேரி எனப்படும் செம்மணல் மேடும். இங்கே மழை உடனே உள்ளே இறங்கும், மேலாகவே நல்ல தண்ணீர் கிடைக்கும். அடுத்தது களிமண் பூமி, கண்மாய்ப் பாசனப் பகுதி. இங்கே மழை இறங்காது, நிலத்தடி நீர் பெரும்பாலும் உவர். ஆனால் மேலே தேங்கும் மழைத்தண்ணீரைக் களிமண் அப்படியே தாங்கிப் பிடிக்கும். ஊருணி பிறந்தது இந்த மண்ணில்தான். மூன்றாவது, வைகை, குண்டாறு போன்ற ஆறுகளின் படுகையும் பழைய ஆற்றுத் தடமும். மணல் கனமாக இருக்கும் இடத்தில் உறைக்கிணறு நன்றாகக் கொடுக்கும்.

எது எங்கே என்று தெரிந்துகொள்ள பெரிய ஆய்வு வேண்டாம். ஊரில் அறுபது வயதைத் தாண்டிய நான்கு பேரை உட்கார வைத்து, கோடையிலும் நல்ல தண்ணீர் கொடுத்த கிணறுகள் எவை என்று கேளுங்கள். அந்தக் கிணறுகளை ஒரு தாளில் குறித்தால் அவை ஒரு வரிசையாக வரும். அது பழைய மணல் திட்டாகவோ ஆற்றுத் தடமாகவோ இருக்கும். புதிய கிணற்றுக்கு அந்த வரிசையை விட்டு விலகாதீர்கள்.

அரசுக் கணக்கில் ஒரு விஷயம் கவனிக்க வேண்டும். தமிழ்நாட்டில் நிலத்தடி நீர் இருப்பை பிர்க்கா (தாலுகாவின் உட்பிரிவு) வாரியாகக் கணக்கிட்டு பாதுகாப்பானது, ஓரளவு நெருக்கடி, நெருக்கடி, அளவுக்கு மீறி எடுக்கப்பட்டது, உப்பு என்று பிரிக்கிறார்கள். இதில் 'பாதுகாப்பானது' என்பது அளவைப் பற்றியது மட்டும். சேரும் தண்ணீரில் 70 சதவீதத்துக்கு மேல் எடுக்கவில்லை என்று அர்த்தம். கடற்கரைப் பகுதிகளில் தண்ணீர் குடிக்க உதவாது என்பதாலேயே யாரும் எடுக்காமல் இருக்கலாம், அதனால் அந்தப் பெயர் வந்திருக்கலாம். அந்த ஒரு சொல்லை நம்பி போர் போடாதீர்கள்.

படி 3: கிணற்றை அளக்கப் பழகுங்கள்

இந்த வழிகாட்டியில் ஒரே ஒரு படியைத்தான் செய்வேன் என்று நீங்கள் சொன்னால், இதைச் செய்யுங்கள். மற்ற எல்லா முடிவும் இதை நம்பித்தான் இருக்கிறது.

தேவையானவை: ஒரு நீளமான டேப் அல்லது முடிச்சுப் போட்ட நைலான் கயிறு, ஒரு டிடிஎஸ் மீட்டர் (ஒரு லிட்டர் தண்ணீரில் எத்தனை மில்லிகிராம் உப்பு கரைந்திருக்கிறது என்று காட்டும் சின்னக் கருவி), ஒரு நோட்டு. கிணற்றுச் சுவரில் ஒரு இடத்தில் பெயின்ட்டால் கோடு போடுங்கள். எப்போதும் அந்தக் கோட்டிலிருந்துதான் அளக்க வேண்டும். மாதம் ஒருமுறை, ஒரே தேதியில், விடிகாலையில், யாரும் மோட்டார் போடுவதற்கு முன்னால் தண்ணீர் எத்தனை அடியில் நிற்கிறது என்று எழுதுங்கள்.

அடுத்தது உப்பு. பெரும்பாலானோர் வாளியில் மொண்ட தண்ணீரில் மீட்டரை வைத்துப் பார்த்துவிட்டு 'நல்லாத்தான் இருக்கு' என்று விட்டுவிடுகிறார்கள். மேல் தண்ணீர் கடைசியாகத்தான் கெடும். அடித் தண்ணீரைப் பார்க்க வேண்டும். ஒரு சின்னக் கண்ணாடி பாட்டிலில் கனத்துக்குக் கல் கட்டுங்கள். வாயில் தக்கையை லேசாகச் செருகி, தக்கைக்குத் தனியாக ஒரு நூல் கட்டுங்கள். பாட்டிலைக் கிணற்றின் அடிவரை இறக்கி, கொஞ்ச நேரம் தண்ணீர் அடங்கட்டும், பிறகு நூலைச் சுண்டினால் தக்கை வரும், குமிழி மேலே வரும், பாட்டிலில் அந்த ஆழத்துத் தண்ணீர் நிறையும். மேலே ஒன்று, நடுவில் ஒன்று, அடியில் ஒன்று என மூன்று மாதிரி எடுத்து மீட்டரில் பாருங்கள்.

மூன்றும் ஏறக்குறைய ஒன்றாக இருந்தால் கவலை இல்லை. மேலே 700, அடியில் 2,400 என்று வந்தால் கீழிருந்து உப்பு ஏறத் தொடங்கிவிட்டது. இன்றைக்கே மோட்டார் நேரத்தைக் குறைக்க வேண்டும், ஃபுட்வால்வை (மோட்டார் உறிஞ்சும் குழாயின் அடி முனையில் உள்ள வால்வு) மேலே தூக்க வேண்டும். வாயில் ருசி மாறும்வரை காத்திருந்தால் தாமதமாகிவிடும்.

ஏன் இவ்வளவு அவசரம் என்றால், கடல் தண்ணீரில் ஒரு லிட்டருக்கு ஏறக்குறைய 19,000 மில்லிகிராம் குளோரைடு இருக்கிறது. 98 குடம் நல்ல தண்ணீரில் 2 குடம் கடல் தண்ணீர் கலந்தால்கூட லிட்டருக்கு 380 மில்லிகிராம் கூடிவிடும். குடிநீருக்கு விரும்பத்தக்க அளவு 250. ஒரு கிணற்றைக் கெடுக்க இரண்டு சதவீதம் போதும்.

போர் வைத்திருப்பவர்கள் அடித் தண்ணீரைத் தனியாக எடுக்க முடியாது. அவர்களுக்கு வேறு வழி இருக்கிறது. மோட்டார் போட்டவுடன் ஒருமுறை, அரை மணி நேரம் ஓடிய பிறகு ஒருமுறை டிடிஎஸ் பாருங்கள். ஓட ஓட எண் ஏறிக்கொண்டே போனால் உங்கள் மோட்டார் உப்பை மேலே இழுக்கிறது என்று பொருள்.

படி 4: வருடத்துக்கு இரண்டு முறை ஆய்வகத்துக்குக் கொடுங்கள்

டிடிஎஸ் மீட்டர் எவ்வளவு கரைந்திருக்கிறது என்று மட்டும்தான் சொல்லும், என்ன கரைந்திருக்கிறது என்று சொல்லாது. கடும் கோடையில் ஒருமுறை, பொங்கலுக்குப் பிறகு ஒருமுறை குடிநீர் வடிகால் வாரியத்தின் மாவட்ட ஆய்வகத்தில் கொடுத்துப் பாருங்கள். கழுவிய பாட்டிலை அந்தத் தண்ணீராலேயே மூன்று முறை அலசிவிட்டு நிரப்புங்கள். கிருமிப் பரிசோதனைக்கு ஆய்வகம் தரும் சுத்திகரித்த பாட்டில் மட்டும்தான், அதை அலசக்கூடாது.

அறிக்கையில் பார்க்க வேண்டியவை இந்தியத் தர அளவுகோல் 10500-இன்படி இவை. மொத்தக் கரைபொருள் லிட்டருக்கு 500 மில்லிகிராம் வரை நல்லது, வேறு வழியே இல்லையென்றால் 2,000 வரை. குளோரைடு 250, வேறு வழியில்லையென்றால் 1,000. கடினத்தன்மை 200, அதிகபட்சம் 600. ஃபுளோரைடு 1, அதிகபட்சம் 1.5. நைட்ரேட் 45, அதற்கு மேல் சலுகையே கிடையாது. ஈ-கோலை 100 மில்லிலிட்டரில் ஒன்றுகூட இருக்கக் கூடாது.

நைட்ரேட்டை ஏன் அழுத்திச் சொல்கிறேன் என்றால், அது ருசியில் தெரியாது, கொதிக்க வைத்தாலும் போகாது, பால் பவுடரில் தண்ணீர் கலந்து குடிக்கும் கைக்குழந்தையின் ரத்தத்தில் ஆக்சிஜனைக் குறைக்கும். நைட்ரேட் கூடியிருந்தால் பக்கத்தில் செப்டிக் டேங்க் கசிகிறது, அல்லது மாட்டுத் தொழுவமோ உரம் போட்ட தோட்டமோ இருக்கிறது என்று தேடுங்கள்.

உப்பு வந்த எல்லாக் கிணற்றுக்கும் கடலைக் குற்றம் சொல்ல வேண்டாம். நம் பக்கத்தில் பழைய கடல் களிமண்ணிலேயே உப்பு தங்கியிருக்கிறது. உப்பளப் பாத்தியிலிருந்தும் இறால் பண்ணைக் குட்டையிலிருந்தும் மேலிருந்து கீழே இறங்குவதும் உண்டு. கடலோர இறால் பண்ணைகள் விஷயத்தில் காந்தியவாதி ஜெகந்நாதன் தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் 1996-இல் கடுமையான தீர்ப்புத் தந்ததற்கு, குடிநீர்க் கிணறுகள் உவரானதும் ஒரு காரணம். எங்கிருந்து வருகிறது என்பதற்கு உங்கள் நோட்டு பதில் சொல்லும். அடித் தண்ணீரில் மட்டும் உப்பு என்றால் கீழிருந்து. மேலேயே உப்பாக இருந்து, பண்ணையை நோக்கிப் போகப் போக கிணறுகளில் எண் ஏறினால் பக்கவாட்டில். இரண்டுக்கும் மருந்து வேறு.

படி 5: புதிய கிணறு என்றால்

போர் வண்டிக்காரர் வாசலில் நின்று "அண்ணே, இன்னும் நாப்பது அடி போட்டா நல்ல தண்ணி வந்துரும்" என்பார். அவருக்கு அடிக்கு இவ்வளவு என்று கூலி. கடலிலிருந்து ஒன்றிரண்டு கிலோமீட்டருக்குள், மணல் பூமியில் இருக்கிறீர்கள் என்றால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். அங்கே கோடை நீர்மட்டத்துக்குக் கீழே மூன்று, நான்கு அடி போதும். ஆழத்துக்குப் பதிலாக அகலம் கூட்டுங்கள். ஆறடி விட்டமுள்ள உறைக்கிணறு, பக்கச் சுவரில் துளை, சுற்றிலும் ஒரு அடிக்கு ஜல்லியும் பெருமணலும். தண்ணீர் மெதுவாக, எல்லாப் பக்கமிருந்தும் வந்து சேரும். இரவு முழுக்கச் சேர்வது காலைக்கு உதவும்.

ஊருக்கே தண்ணீர் வேண்டுமென்றால் ஒரு பெரிய போரைவிட, மணல் மேட்டில் தள்ளித் தள்ளி ஐந்தாறு சின்னக் கிணறு தோண்டி, அவற்றைக் குழாயால் ஒரு தொட்டிக்கு இணைப்பது பல மடங்கு நல்லது. மேல்மட்டத்திலேயே சல்லடைக் குழாய்களைப் படுக்கவைத்து நடுக்கிணற்றில் சேர்ப்பதும் இதே முறைதான். முதலில் செலவு கொஞ்சம் கூடும். ஆனால் சவராகிப்போன போரை இழுத்து மூடிவிட்டு அடுத்த போர், அதற்கடுத்த போர் என்று போகிற செலவை எந்த ஊராட்சியும் கூட்டிப் பார்ப்பதில்லை. கூட்டிப் பார்த்தால் எது மலிவு என்று தெரியும்.

இதற்கு ஒரு விதிவிலக்கு உண்டு. மேலே உவர், நடுவில் தடித்த களிமண், அதற்குக் கீழே மேற்கிலிருந்து வரும் மணற்பாறை அடுக்கில் நல்ல தண்ணீர் என்ற அமைப்பும் கடற்கரையில் சில இடங்களில் இருக்கிறது. அங்கே ஆழமான போர் சரிதான். ஆனால் நிலத்துக்குள் மின்சாரம் செலுத்திப் பார்க்கும் மின்தடை ஆய்வு செய்து அடுக்குகளைத் தெரிந்துகொண்ட பிறகே துளையிட வேண்டும், மேல் உவர் அடுக்கு முழுவதும் கேசிங் பைப் இறக்கி, பைப்புக்கும் மண்ணுக்கும் நடுவில் சிமென்ட் பால் ஊற்றி அடைக்க வேண்டும். இதை விட்டுவிட்டால் மேல் உப்பு அந்த இடைவெளி வழியாகவே இறங்கி, சுற்றியுள்ள எல்லாருடைய கீழ்த் தண்ணீரையும் கெடுத்துவிடும். கைவிட்ட போரையும் இதே காரணத்துக்காகக் களிமண்ணும் சிமென்ட்டும் போட்டு முழுக்க அடைக்க வேண்டும்.

செப்டிக் டேங்க், கழிவுநீர் உறிஞ்சுகுழி இவற்றிலிருந்து கிணறு குறைந்தது 50 அடி தள்ளியிருக்க வேண்டும் என்பது பொதுவான கணக்கு. கடற்கரை மணலில் கழிவுநீர் வேகமாக நகரும் என்பதால் 100 அடி வையுங்கள், தண்ணீர் ஓடும் திசையில் மேல்பக்கமாக வையுங்கள். நெருக்கமான மீனவக் குடியிருப்பில் 100 அடிக்கு எங்கே போவது என்று கேட்பீர்கள், நியாயமான கேள்விதான். அங்கே வீட்டுக்கு வீடு கிணறு என்பதை விட்டுவிட்டு, குடியிருப்புக்கு வெளியே உள்ள மணல் மேட்டில் பொதுக் கிணறு அமைத்து வேலி போடுவதுதான் வழி. அந்த மேட்டில் மணல் அள்ள யாரையும் விடாதீர்கள். மேட்டின் உயரம் குறைந்தால் உள்ளே நிற்கும் நல்ல தண்ணீரின் உயரமும் குறையும்.

படி 6: எடுக்கிற விதம்

அரை ஹெச்பிக்கு மேல் மோட்டார் வேண்டாம். ஆயிரம் லிட்டர் தொட்டியை ஒரே மூச்சில் நிரப்பாமல் காலை, மதியம், மாலை என்று பிரித்து நிரப்புங்கள். ஃபுட்வால்வ் கிணற்றின் அடியில் உட்காரக் கூடாது, தண்ணீர் மட்டத்துக்குச் சற்றுக் கீழே தொங்க வேண்டும். ஒரு மிதவையில் கட்டிவிட்டால் மட்டம் ஏற இறங்க அதுவும் கூடவே போகும். அக்கம்பக்கத்து நான்கு வீடுகளும் ஒரே நேரத்தில் மோட்டார் போடாமல் முறை வைத்துக்கொண்டால் அதன் பலன் ஒரே கோடையில் நோட்டில் தெரியும். துணி துவைக்க, கழிவறைக்கு, பாத்திரம் கழுவ சவர்த் தண்ணீர் போதும். நல்ல கிணற்றைக் குடிக்கவும் சமைக்கவும் மட்டும் வையுங்கள்.

படி 7: மழையைப் பிடியுங்கள்

தமிழ்நாட்டில் 2003-இல் எல்லாக் கட்டடத்துக்கும் மழைநீர் சேகரிப்பு கட்டாயமானது. பல வீடுகளில் அன்று போட்ட குழாய் இன்று எதனோடும் இணையாமல் தொங்குகிறது. அதை மறுபடி இணைப்பதற்கு முன்னால் ஒரு கணக்கு.

1,000 சதுர அடி மொட்டைமாடி என்பது 93 சதுர மீட்டர். ஒரு சதுர மீட்டரில் ஒரு மில்லிமீட்டர் மழை பெய்தால் ஒரு லிட்டர். வடகிழக்குப் பருவத்தில் 500 மில்லிமீட்டர் பெய்தால் 46,500 லிட்டர். ஐந்தில் ஒரு பங்கு வீணானாலும் 37,000 லிட்டர் கையில் வரும். ஐந்து பேர் உள்ள வீட்டில் குடிக்க, சமைக்க ஆளுக்கு நாளொன்றுக்கு 5 லிட்டர் என்றால், பிப்ரவரியிலிருந்து செப்டம்பர் வரை எட்டு மாதத்துக்கு 6,000 லிட்டர்தான் தேவை. அதாவது 6,000 லிட்டர் மூடிய தொட்டி ஒன்று இருந்தால், கோடை முழுக்கக் குடிநீருக்கு யாரையும் எதிர்பார்க்க வேண்டாம். மிச்சம் 31,000 லிட்டரைக் கிணற்றுக்கு விடலாம்.

மழைக்கு முன்னால் மாடியைப் பெருக்கிக் கழுவுங்கள். முதல் ஒன்றிரண்டு மழையை வெளியே விடுங்கள். அடுத்ததிலிருந்து ஜல்லி, பெருமணல், கரி அடுக்கிய வடிகட்டி வழியாகத் தொட்டிக்கு விடுங்கள். தொட்டிக்குள் வெளிச்சம் போகக்கூடாது, பாசி வரும். காற்றுக் குழாயில் கொசுவலை கட்ட மறக்காதீர்கள். மணல் பூமியில் மிச்ச நீரை உறிஞ்சுகுழியிலோ வடிகட்டிக் கிணற்றிலோ விடலாம். களிமண் பூமியில் உறிஞ்சுகுழி வெறும் குட்டையாகத் தேங்கி நிற்கும், அங்கே பணத்தை வீணாக்காமல் தொட்டியும் ஊருணியும் என்று போங்கள்.

ஊருணி பற்றி நிறையச் சொல்ல வேண்டியிருக்கிறது. நாரை பறக்காத நாற்பத்தெட்டு மடை என்று பேர் வாங்கிய ஆர்.எஸ். மங்கலம் கண்மாய் வயலுக்கு. குடத்துக்கு எப்போதும் ஊருணிதான். களிமண் தரை கீழே உள்ள உவரை மறைத்து, மேலே மழைத் தண்ணீரைத் தாங்கும். தானம் அறக்கட்டளை போன்ற அமைப்புகள் இந்த மாவட்டத்தில் பல ஊருணிகளைச் சீராக்கியிருக்கின்றன. உங்கள் ஊரில் தூர்வாரும் வேலை வந்தால் பக்கத்திலேயே நில்லுங்கள். ஜேசிபி ஓட்டுபவர் ஆழம் கூடினால் தண்ணீர் கூடும் என்று நினைத்து வெட்டுவார். வண்டல் முடிந்து இறுகிய களிமண் தெரிந்ததும் நிறுத்தச் சொல்லுங்கள். அந்தக் களிமண்ணைக் கிழித்தால், ஒன்று தண்ணீர் நிற்காது, அல்லது கீழே இருக்கும் உவர் ஊறி மேலே வந்துவிடும். கொள்ளளவு வேண்டுமென்றால் பரப்பைக் கூட்டுங்கள், கரையை உயர்த்துங்கள்.

வரத்துக் கால்வாயைப் புரட்டாசிக்குள் சுத்தம் செய்துவிட வேண்டும். ஊருணியைச் சுற்றி வேலி, ஆடுமாட்டுக்குத் தனிக் குட்டை, குளிக்கவோ துவைக்கவோ தடை. கரையோரம் ஒரு சின்னக் கிணறு தோண்டி, நடுவில் மணல் வடிகட்டி வைத்து, ஊருணித் தண்ணீர் அதற்குள் கசிந்து வருமாறு செய்து, அந்தக் கிணற்றிலிருந்து அடிபம்பால் எடுத்தால் யாரும் ஊருணிக்குள் கால் வைக்கத் தேவையில்லை.

படி 8: கிருமியைக் கொல்லுங்கள்

உப்பு குறைந்தால் போதும் என்று நினைப்பது தவறு. மேலாக இருக்கும் மணல் கிணற்றில் வயிற்றுப்போக்குக் கிருமி சுலபமாக வந்துவிடும். குடிக்கும் தண்ணீர் தளதளவென்று கொதித்த பிறகு ஒரு நிமிடம் வைத்திருங்கள். பொதுக் கிணறு என்றால் ப்ளீச்சிங் பவுடர். கிணற்று விட்டத்தையும் தண்ணீர் ஆழத்தையும் அடிக் கணக்கில் அளந்து, விட்டம் பெருக்கல் விட்டம் பெருக்கல் தண்ணீர் ஆழம் பெருக்கல் 22 என்று போட்டால் லிட்டர் வரும். ஆறடி விட்டம், ஐந்தடி தண்ணீர் என்றால் 3,960 லிட்டர். தெளிந்த தண்ணீரில் ஆயிரம் லிட்டருக்கு 2.5 கிராம் வீதம் 10 கிராம் போதும். பவுடரை வாளியில் குழைத்து, தண்ணீர் விட்டுக் கலக்கி, பத்து நிமிடம் தெளியவிட்டு, மேல் தெளிவை மட்டும் இன்னொரு வாளியில் எடுத்துக் கிணற்றில் இறக்கி ஆட்டுங்கள். அடியில் தங்கும் சுண்ணாம்பு வேண்டாம். ஒரு மணி நேரம் யாரும் எடுக்கக் கூடாது, இரவில் போடுவது வசதி. ஈரம் பட்டுக் கட்டியான பழைய பவுடரில் குளோரின் இருக்காது.

படி 9: ஆர்ஓவும் குழாயும்

மாவட்டத்தில் 1990-களின் இறுதியிலேயே நரிப்பையூரில் நாளொன்றுக்கு 38 லட்சம் லிட்டர் திறனுள்ள கடல்நீர் சுத்திகரிப்பு நிலையத்தை பெல் (BHEL) நிறுவனம் அமைத்தது. இந்தத் தொழில்நுட்பம் நமக்குப் புதிதல்ல. ஆனால் ஊருக்கு ஊர் முளைக்கும் சின்ன ஆர்ஓ நிலையங்களில் யாரும் கேட்காத ஒரு கேள்வி, கழிவுத் தண்ணீர் எங்கே போகிறது என்பது. ஒரு குடம் நல்ல தண்ணீருக்குப் பல இடங்களில் இரண்டு, மூன்று குடம் வெளியே போகிறது. போனது முழுக்க அடர்ந்த உப்பு. அதைப் பக்கத்து மணலில் விட்டால் அடுத்த வருடம் அதே போரில் திரும்பி வரும். கண்மாயிலும் விடக்கூடாது. கழிவறைக்கும் தரை கழுவவும் பயன்படுத்திவிட்டு, மிச்சத்தை ஏற்கெனவே உவராக இருக்கும் நிலத்துக்கோ உப்பங்கழிக்கோ கொண்டுபோகக் குழாய் போடாத நிலையத்துக்கு ஊராட்சி அனுமதி தரக்கூடாது. உங்கள் கிணற்றில் டிடிஎஸ் 500-க்குக் கீழே இருந்து, ஆய்வக அறிக்கையும் சரியாக இருந்தால் வீட்டு ஆர்ஓ தேவையே இல்லை.

குழாய்த் தண்ணீரைப் பொறுத்தவரை, 2019-இல் அறிவிக்கப்பட்ட ஜல் ஜீவன் திட்டத்தில் கிராமத்து வீட்டுக்கு ஆளுக்கு நாளொன்றுக்கு 55 லிட்டர் என்பது அளவுகோல். உங்கள் தெருவில் ஒரு வாரத்துக்கு எத்தனை குடம் வந்தது என்று எழுதி வையுங்கள். மார்ச் 22 தண்ணீர் தினத்தன்று நடக்கும் கிராம சபையில் "தண்ணி வரல" என்று பொதுவாகச் சொல்வதைவிட, இந்தத் தெருவில் இத்தனை வீடு, இந்த வாரம் ஆளுக்கு இத்தனை லிட்டர்தான் வந்தது என்று தாளோடு எழுந்து நின்றால் தீர்மானத்தில் ஏறும். கிணற்று நோட்டையும் எடுத்துப் போங்கள். மணல் மேட்டைக் காக்க வேண்டும், ஊருணிக்கு வரத்துக் கால்வாய் வேண்டும் என்பதற்கு அதுதான் ஆதாரம்.

படி 10: புயலில் கடல் கிணற்றுக்குள் வந்துவிட்டால்

முதல் வேகத்தில் எல்லாரும் செய்வது பெரிய மோட்டாரை வைத்துக் கிணற்றை வற்ற வற்ற இறைப்பது. அதைச் செய்யாதீர்கள். 2004 சுனாமிக்குப் பிறகு இலங்கையின் மட்டக்களப்புக் கடற்கரையில் திரும்பத் திரும்ப இறைத்த கிணறுகளை ஆராய்ந்தபோது, இறைத்ததால் உப்பு பெரிதாகக் குறையவில்லை, பருவமழைதான் குறைத்தது என்று தெரிந்தது. நீர்மட்டத்தை இறக்கினால் கீழே இருக்கும் உப்பும் ஏறும், மணலில் தேங்கிய கடல் தண்ணீரும் கிணற்றை நோக்கி வரும்.

ஒருமுறை மட்டும், மெதுவாக, சேறும் குப்பையும் போகும் அளவுக்கு இறைத்து, அந்தத் தண்ணீரை கிணற்றுக்கு அருகில் விடாமல் கடலை நோக்கி ஓடவிடுங்கள். சுவரைக் கழுவி ப்ளீச்சிங் போடுங்கள். அப்புறம் அந்தக் கிணற்றைக் குடிநீருக்கு விட்டுவிட்டு லாரித் தண்ணீரையோ தொட்டியில் உள்ள மழைநீரையோ வைத்து ஓட்டுங்கள். கூரைத் தண்ணீர் முழுவதையும் கிணற்றைச் சுற்றியுள்ள மணலில் இறங்கவிடுங்கள். வாரம் ஒருமுறை மேலே, நடுவே, அடியில் டிடிஎஸ் எடுத்து எழுதுங்கள். அடி மாதிரியும் 500-க்குக் கீழே வந்து, ஆய்வகம் கிருமி இல்லை என்று சொன்ன பிறகு, முதல் சில வாரங்களுக்கு மோட்டார் போடாமல் வாளியால் மட்டும் மொண்டு எடுங்கள்.